பாட்டையாவின் 'ராவ் சாகிப்' பதக்கம் ராஜா கொடுத்ததா?

செட்டிநாட்டுப் பள்ளத்தூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டைப் பங்கு பிரிப்பதற்காக இரண்டாங்கட்டுப் பெட்டகத்தைத் திறந்தபோது பாட்டையா பெயர் போட்ட ஒரு சன்னதும் (பட்டம் வழங்கி அரசாங்கம் கொடுத்த பத்திரம்), நாடாவோடு ஒரு பதக்கமும் கிடைத்திருக்கின்றன. பதக்கத்தில் 'ராவ் சாகிப்' என்று ஆங்கிலத்தில் இருக்கிறதாம். அதைக் கேள்விப்பட்டு, அவர்கள் வயலைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துப் பெரியவர் தன் தாத்தா பட்டாளத்தில் வாங்கிய இரண்டு பதக்கங்களைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். இதெல்லாம் இங்கிலாந்து ராஜா கொடுத்ததா, 'சர்' பட்டமும் இதுவும் ஒன்றா, தங்கை கல்யாணப் பத்திரிகையில் பாட்டையா பெயருக்கு முன்னால் போடலாமா, விற்றால் விலை போகுமா என்று வரிசையாகக் கேள்விகள்.

முதல் கேள்விக்குப் பதில், இல்லை தம்பி. பதக்கத்தின் நடுவில் ஜார்ஜ் மன்னர் தலை இருக்கிறது என்பதால் அவரே உங்கள் பாட்டையாவைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார் என்று நினைக்க வேண்டாம். ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் மூன்றும் இந்தியாவில் மன்னரின் பிரதிநிதியாக இருந்த வைஸ்ராய் தன் அதிகாரத்தில் கொடுத்த பட்டங்கள். சன்னதை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள், இரண்டு மூன்று வரிதான் இருக்கும்: இந்தப் பட்டத்தை உமக்குத் தனிப்பட்ட சிறப்பாக வழங்குகிறேன் என்ற பொருளில் ஒரு வாக்கியம், தேதி, கீழே வைஸ்ராயும் கவர்னர் ஜெனரலும் ஆனவரின் கையெழுத்து. அந்தத் 'தனிப்பட்ட' என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கல்யாணப் பத்திரிகைக்கு வரும்போது அது வேண்டும்.

மூன்றில் ராவ் சாகிப் கீழ்ப்படி, ராவ் பகதூர் நடு, திவான் பகதூர் மேல். வடக்கே ராவுக்குப் பதில் ராய், முஸ்லிம்களுக்குக் கான் சாகிப், கான் பகதூர். 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டு தர்பாருக்கு டெல்லி வந்த சமயத்தில்தான் இவற்றுக்குப் பதக்கமும் சேர்ந்தது, அதற்கு முன்னால் வெறும் சன்னதுதான். பதக்கத்தை மூன்று வகுப்பாக அடித்தார்கள். நாடாவின் நிறத்தைப் பார்த்தே எது என்று சொல்லிவிடலாம்: வெளிர்நீலத்தில் கருநீலக் கரை இருந்தால் திவான் பகதூர், சிவப்பில் கருஞ்சிவப்புக் கரை ராவ் பகதூர், கருநீலத்தில் வெளிர்நீலக் கரை ராவ் சாகிப். உங்கள் வீட்டு நாடா சாயம் போயிருந்தாலும் மடிப்புக்குள் பிரித்துப் பார்த்தால் நிறம் தெரியும்.

அடுத்து, மன்னர் தலை. தாடி வைத்திருந்தால் ஐந்தாம் ஜார்ஜ், அதாவது 1936 தொடக்கத்துக்கு முன். மழுமழுவென்று இருந்தால் ஆறாம் ஜார்ஜ், அதற்குப் பின். தலையைச் சுற்றிப் பட்டத்தின் பெயர், மேலே மகுடம், சுற்றிலும் கதிர். பின்பக்கம் திருப்பினால் பெற்றவர் பெயர் பொறித்திருக்க வாய்ப்பு உண்டு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், செட்டிநாட்டு வீடுகளில் 'ராஜா கொடுத்த மெடல்' என்று காட்டும் பலவற்றில் பட்டமே இருக்காது. 1911 தர்பார் பதக்கம், 1935 வெள்ளிவிழாப் பதக்கம், 1937 முடிசூட்டுப் பதக்கம், இவையெல்லாம் அந்தந்த நேரத்தில் பதவியில் இருந்தவர்களுக்கும் முக்கியஸ்தர்களுக்கும் விழா நினைவாகக் கொடுத்தவை. அதே விழாக்களுக்கு வியாபாரிகள் அடித்துக் காசுக்கு விற்ற ஞாபகார்த்த வில்லைகளும் நிறைய உண்டு, அவற்றையும் தாத்தா கணக்கில் எழுதிவிடுகிறார்கள். உங்களிடம் இருப்பதில் பட்டம் எழுதியிருக்கிறது, சன்னதும் கூடவே இருக்கிறது, ஆகவே சந்தேகம் வேண்டாம்.

எதற்காகக் கொடுத்திருப்பார்கள்? தாலுகா போர்டு, ஜில்லா போர்டு, முனிசிபாலிட்டி இவற்றில் தலைவராக இருந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வார்டு கட்டிக் கொடுத்தவர்கள், பள்ளிக்கூடம் வைத்தவர்கள், யுத்த நிதிக்கும் யுத்தக் கடன் பத்திரத்துக்கும் தாராளமாகப் பணம் போட்டவர்கள், அப்புறம் அரசாங்க உத்தியோகத்தில் பல காலம் இருந்து ஓய்வு பெற்ற டெபுடி கலெக்டர், இன்ஜினியர், போலீஸ் அதிகாரிகள், இவர்கள்தான் பட்டியலில் பெரும்பகுதி. கலெக்டர் பெயரை எழுதி அனுப்புவார், சென்னையில் கவர்னர் ஆபீஸ் வடிகட்டும், அங்கிருந்து வைஸ்ராய்க்குப் போகும், வருஷத்துக்கு இரண்டு தடவை, புத்தாண்டுக்கும் மன்னர் பிறந்தநாளுக்கும், பட்டியல் வெளியாகும். பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர், காரைக்குடி, தேவகோட்டை எல்லாம் ராமநாதபுரம் ஜில்லா, ஆகவே அந்த ஜில்லா கலெக்டர் கண்ணில் பட வேண்டும். ராயவரம், அரிமளம் பக்கத்து நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார் சமூகத்தார்) புதுக்கோட்டை சமஸ்தானத்துக் குடிகள், அவர்களுக்கு நடுவில் தொண்டைமான் அரசர் வேறு இருந்தார்.

இனி 'சர்'. இதுதான் மன்னர் பெயரில் வருவது, பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் வெளியாவது. இதிலும் இரண்டு வழி உண்டு. ஒன்று வெறும் நைட் பட்டம், அதில் எந்தச் சங்கமும் வகுப்பும் கிடையாது, பெயருக்கு முன்னால் 'சர்' வரும், அவ்வளவுதான். இன்னொன்று ஆர்டர் எனப்படும் விருதுக் குழுக்களில் மேல்படி கிடைப்பது. இந்தியாவுக்கென்றே 1861-ல் ஸ்டார் ஆஃப் இந்தியா, 1878-ல் இந்தியன் எம்பயர் என்று இரண்டு ஆர்டர்கள் ஏற்படுத்தினார்கள். முதலாவது பெரும்பாலும் சமஸ்தானாதிபதிகளுக்கும் பெரிய அதிகாரிகளுக்கும். பழைய பெயர்ப்பலகைகளில் பெயருக்குப் பின்னால் சி.ஐ.இ. என்று பார்த்திருப்பீர்கள், அது இரண்டாவதன் கீழ்ப்படி, அதற்கு 'சர்' கிடையாது. முன்னால் கே சேர்ந்து கே.சி.ஐ.இ. ஆனால்தான் 'சர்'. 1917-ல் பிரிட்டிஷ் எம்பயர் ஆர்டர் வந்தது, எம்.பி.இ., ஓ.பி.இ. எல்லாம் அந்தக் குடும்பம். இந்திய ஆர்டர்கள் இரண்டும் 1947-க்குப் பிறகு நின்றுவிட்டன, அவற்றில் நைட் ஆனவர்களில் கடைசியாக உயிரோடு இருந்த திராங்கத்ரா மகாராஜா 2010-ல் காலமானார். பிரிட்டிஷ் எம்பயர் ஆர்டரை மட்டும் எம்பயர் போன பிறகும் அதே பெயரில் இன்றைக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அது அவர்கள் ஊர் வேடிக்கை.

நம் பக்கத்தில் 'சர்' வாங்கியவர்கள் என்றால் கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார், 1923-ல். அதே ஊர் எம்.சி.டி. முத்தையா செட்டியார், அவர் மகன் சிதம்பரம் செட்டியார்தான் 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் திறந்தவர். அண்ணாமலைச் செட்டியார் மகன் முத்தையா செட்டியார், 1933-ல் சென்னைக்கு மேயர் ஆனவர். கோட்டையூர் அழகப்பச் செட்டியார். சண்முகம் செட்டியாரையும் இந்தக் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு, அவர் கோயம்புத்தூர்க்காரர், நகரத்தார் இல்லை.

அண்ணாமலைச் செட்டியாரின் 'செட்டிநாட்டு ராஜா' பட்டம் இவற்றிலிருந்து தனி. 1929-ல் கொடுத்தார்கள், பரம்பரைப் பட்டம். அதை வைத்து ஏதோ செட்டிநாடு என்று ஒரு ராஜ்ஜியம் இருந்ததாகவும் கானாடுகாத்தான் அரண்மனையிலிருந்து ஆண்டதாகவும் சுற்றுலாப் பயணிகளுக்குக் கதை சொல்கிறார்கள். ஆண்டதெல்லாம் இல்லை. இந்தப் பகுதி ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களுக்கும் புதுக்கோட்டைக்கும் இடையில் பிரிந்து கிடந்த ஊர்கள். அவர் குடும்பம் லேவாதேவியும் வங்கித் தொழிலும் செய்து பெரிதானது, பட்டத்தோடு ஆட்சி அதிகாரம் எதுவும் ஒட்டி வரவில்லை. சிதம்பரத்தில் 1920-ல் மீனாட்சி கல்லூரி தொடங்கி, பிறகு கல்லூரிகளோடு இருபது லட்ச ரூபாயும் கொடுத்து, 1929-ல் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக நின்றது. பட்டமும் அதே வருஷம். பல்கலைக்கழகத்துக்காகப் பட்டமா, பட்டத்துக்காகப் பல்கலைக்கழகமா என்று அந்தக் காலத்திலிருந்தே வாய்க்கு வந்தபடி பேசுகிறவர்கள் உண்டு, உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா. எனக்கு அந்த விவாதத்தில் ருசி இல்லை. இன்னொரு விஷயம்தான் எனக்குச் சுவாரசியம். அவர் காலமானது 1948 ஜூனில். நாடு சுதந்திரம் அடைந்தாயிற்று, ஆனால் அரசியல் சட்டம் இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியில் பட்டம் மகனுக்கு இறங்கியது. அந்த மகனே பின்னாளில் இந்திய அரசின் பத்ம பூஷணும் வாங்கினார்.

அழகப்பர் கதை வேறு தினுசு. சுதந்திரத்துக்குச் சற்று முன்னால் 'சர்' ஆனார், சுதந்திரம் வந்ததும் அதை வேண்டாம் என்று விட்டுவிட்டார். காரைக்குடியில் 1947-ல் கல்லூரி, அடுத்து மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும். 1948 ஜூலையில் நேரு வந்து அடிக்கல் நாட்டினார், 1953-ல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். 1956-ல் பத்ம பூஷண், அடுத்த வருஷம் காலமாகிவிட்டார், ஐம்பது வயதுகூட ஆகவில்லை. காரைக்குடியில் யாரையாவது நிறுத்தி 'சர் அழகப்பா' என்று கேட்டுப் பாருங்கள், ஒரு நொடி யோசிப்பார்கள். 'வள்ளல் அழகப்பர்' என்றால் ஆட்டோக்காரர்கூட வழி சொல்வார். கம்பன் விழா நடத்திய சா. கணேசனுக்குக் 'கம்பன் அடிப்பொடி' நின்றதும் இப்படித்தான், எந்த கெஜட்டிலும் வராத பட்டம்.

'வெள்ளைக்காரனுக்கு வால் பிடித்து வாங்கிய பட்டம்தானே' என்று உங்கள் நண்பர்கள் கேலி செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். பாதி நிஜம். பட்டம் என்பது சர்க்கார் கையில் இருந்த மலிவான கருவி, ஒரு வெள்ளி வில்லையும் ஒரு தாளும் கொடுத்து ஊரில் செல்வாக்குள்ளவரைத் தன் பக்கம் நிறுத்திக்கொள்ளலாம். பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்தவர்களுக்குச் சர்க்கார் தயவு தேவையாகவும் இருந்தது, கோர்ட்டு, பதிவு, நிலம் எல்லாம் அவர்கள் கையில். ஆனால் இதை நம்மவர்களின் தனிக் குணம் என்று சொல்வது அநியாயம். இங்கிலாந்திலேயே லாயிட் ஜார்ஜ் பிரதமராக இருந்த காலத்தில் கட்சி நிதிக்குப் பட்டத்தை விற்றார்கள், ஒரு 'சர்' சுமார் பத்தாயிரம் பவுண்டு என்று விலையே பேசினார்கள். நாற்றம் தாங்காமல் 1925-ல் அதைத் தடுக்கத் தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று, தரகு வேலை பார்த்த மாண்டி கிரெகரி என்பவர் 1933-ல் அந்தச் சட்டத்தில் தண்டனையும் பெற்றார். பள்ளத்தூரில் ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுத்து ராவ் சாகிப் வாங்கியவரை அவரோடு ஒப்பிட்டால் நம் ஆள் எவ்வளவோ மேல், கட்டடமாவது மிஞ்சியது.

திருப்பிக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்லாமல் விடக்கூடாது. தாகூர் 1915-ல் வாங்கிய 'சர்' பட்டத்தை ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு 1919 மே மாதம் துறந்தார். எல்லோருக்கும் தெரிந்தது இது. அவருக்கும் முன்பே நம் மதுரைக்காரர் ஒருவர் செய்தார், நீதிபதி எஸ். சுப்பிரமணிய ஐயர், மணி ஐயர் என்பார்கள். 1917-ல் அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கு இந்தியாவின் நிலையை விளக்கிக் கடிதம் எழுதினார், அதற்காக மேலிடம் கண்டித்ததும் கே.சி.ஐ.இ., திவான் பகதூர் இரண்டையும் துறந்துவிட்டார். காந்தி தென்னாப்பிரிக்காவில் செய்த தொண்டுக்கும் ஆம்புலன்ஸ் படை நடத்தியதற்கும் வாங்கிய பதக்கங்களை 1920 ஆகஸ்டில் திருப்பி அனுப்பினார். அவற்றில் ஒன்று கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம்.

அந்தக் கெய்சர்-இ-ஹிந்த் என் அபிப்பிராயத்தில் இந்த மொத்தக் கூட்டத்தில் மரியாதையானது. 1900-ல் விக்டோரியா மகாராணி காலத்தில் தொடங்கினார்கள், பொதுத் தொண்டுக்கு மட்டும், பெயருக்கு முன்னால் ஒட்டும் பட்டம் எதுவும் கிடையாது, ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. வேலூர் ஆஸ்பத்திரி ஐடா ஸ்கடருக்குக் கொடுத்தார்கள். டோனாவூரில் குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேலுக்கு 1919-ல் கொடுத்தார்கள், அவர் எனக்கு இது வேண்டாமே என்று எழுதிப் பார்த்தார், கடைசியில் ஒப்புக்கொண்டாலும் வழங்கும் விழாவுக்குப் போகவில்லை.

பெரியவர் கொண்டுவந்த பட்டாளத்துப் பதக்கங்களைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் கேட்டிருக்கிறீர்கள், எனக்கு அதில்தான் அதிக ஆசை. நீங்கள் அனுப்பிய படத்தில் ஒன்றில் இறக்கை வைத்த பெண் உருவம், நாடா வானவில் நிறம். அது முதல் உலகப்போரின் வெற்றிப் பதக்கம், பின்னால் 1914–1919 என்று இருக்கும். மற்றது பிரிட்டிஷ் போர்ப் பதக்கம், குதிரை மேல் ஒருவர். இது வழக்கமாக வெள்ளி. வெண்கலத்திலும் அடித்தார்கள், யாருக்கு என்றால், சீனா, மால்டா, இந்தியா என்று பல இடங்களிலிருந்து கூட்டிப்போன தொழிலாளர் படைக்காரர்களுக்கு. ஒரே யுத்தம், ஒரே மன்னர் தலை, மண்வெட்டி பிடித்தவனுக்கு மட்டும் உலோகம் மாறிவிட்டது. பெரியவருடையது எந்த உலோகம் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பதக்கத்தின் விளிம்பைக் கட்டாயம் பாருங்கள், ஒரு ரூபாய்க் காசின் ஓரத்தைப் பார்க்கிற மாதிரி நிமிர்த்தி வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் பொடி எழுத்துகள் தெரியும். படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு. எண் மட்டும் போதாது, ஒவ்வொரு படைப்பிரிவும் தனக்கென்று எண் போட்டது, அதனால் பிரிவின் பெயர் முக்கியம். '2 கியூ.வி.ஓ. எஸ். அண்ட் எம்.' என்பது போல இருந்தால் மெட்ராஸ் சாப்பர்ஸ், பாலம் கட்டுகிற, கண்ணிவெடி எடுக்கிற படை. 63 என்றால் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி, 83 வாலாஜாபாத், 61 பயனியர்ஸ். 63-ம் 61-ம் 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் தாங்கா சண்டையில் இருந்தவை. இவற்றில் பலவற்றை 1920களில் கலைத்துவிட்டார்கள், தமிழர்கள் சண்டைக்கு லாயக்கில்லை என்ற ஒரு கொள்கை அப்போது ராணுவத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப்போர் வந்து ஆள் தேவைப்பட்டதும் 1940களின் தொடக்கத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டை மறுபடி எழுப்பினார்கள்.

இந்த இரண்டு பதக்கமும் போருக்குப் போன எல்லோருக்கும் கொடுத்தவை, வீரச்செயலுக்கு வேறு. 1837-லேயே கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இந்தியச் சிப்பாய்களுக்கென்று இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட் வைத்தார்கள், பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸுக்கே அது அண்ணன், ஏனென்றால் விக்டோரியா கிராஸ் வந்தது 1856-ல், அது இந்தியர்களுக்குத் திறந்ததோ 1911-ல்தான். இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். பழைய கல்வெட்டில் 'சுபேதார் மேஜர் இன்னார் பகதூர்' என்று பெயருக்குப் பின்னால் பகதூர் வந்தால் அதை ராவ் பகதூரோடு சேர்க்காதீர்கள். ஆர்டர் ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா என்று சுபேதார், ஜமேதார் நிலைக்காரர்களுக்கு ஒரு விருது இருந்தது, அதன் முதல் வகுப்புக்கு 'சர்தார் பகதூர்', இரண்டாவதுக்குப் 'பகதூர்'. பல வருஷம் நல்லபடி வேலை பார்த்துச் சம்பாதித்தது, நன்கொடை கொடுத்து வாங்க முடியாது.

சுபேதார் சுப்பிரமணியன் பெயர் நம் பாடப் புத்தகத்தில் இல்லை என்பது எனக்குத் தீராத குறை. காஞ்சிபுரம் பக்கம் கீழோட்டிவாக்கம், மெட்ராஸ் சாப்பர்ஸ். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிக்னானோ என்ற இடத்தில் கண்ணிவெடிகளுக்கு நடுவே பாதை எடுத்துக்கொண்டிருந்த குழுவில் இருந்தார். ஒருவர் கால் பட்டு ஒரு வெடி கிளம்பிவிட்டது. அந்த ரகத்தில் மிதித்ததற்கும் வெடிப்பதற்கும் இடையில் சில நொடிதான் இருக்கும். அந்த நொடிகளில் அவர் எதிர்த்திசையில் ஓடவில்லை, வெடியின் மேல் போய் விழுந்து உடம்பால் மூடினார். மற்றவர்கள் பிழைத்தார்கள். உயர்ந்த வீர விருதான ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள், இந்திய ராணுவத்தில் அதைப் பெற்ற முதல் ஆள் அவர். அதை மன்னர் கொடுத்தார் என்பதால் நமக்கு அவர் அந்நியராகிவிட்டாரா என்ன?

அதே காலத்தில் இன்னொரு பக்கமும் ஆட்கள் நின்றார்கள், மலாயாவிலும் பர்மாவிலும் வேலைக்குப் போன எத்தனையோ தமிழர்கள் நேதாஜி படையில் சேர்ந்தார்கள், மன்னர் அவர்களுக்குக் கொடுத்தது டெல்லி செங்கோட்டையில் நடந்த ராணுவ விசாரணை வழக்கு. தேவகோட்டைப் பக்கம் 1942 ஆகஸ்டில் விடுதலைப் போராட்டக்காரர் சின்ன அண்ணாமலையைப் பிடித்து அடைத்தபோது ஜனங்கள் திரண்டு போய்த் திருவாடானைச் சிறையை உடைத்து வெளியே கொண்டுவந்தார்கள். 1972-ல் சுதந்திர வெள்ளிவிழாவுக்குத் தியாகிகளுக்குத் தாமிரப் பட்டயம் கொடுத்தார்கள் அல்லவா, ராவ் சாகிப் சன்னதும் தாமிரப் பட்டயமும் ஒரே வளவில் (உள்முற்றத்தில்) எதிரெதிர்ச் சுவரில் மாட்டிய வீடுகள் இங்கே இருக்கின்றன, அண்ணன் ஒன்று தம்பி ஒன்று. அந்த வீடுகளில் சாப்பாட்டுப் பந்தியில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்தால் சிரிப்பாக இருக்கும்.

சரி, கல்யாணப் பத்திரிகை. அரசியல் சட்டத்தின் 18-வது பிரிவு, ராணுவ, கல்விச் சிறப்புகள் தவிர வேறு எந்தப் பட்டத்தையும் அரசு கொடுக்கக்கூடாது, இந்தியக் குடிமக்கள் வெளிநாட்டு அரசிடமிருந்து பட்டம் வாங்கவும் கூடாது என்கிறது. 1954-ல் பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் வந்தபோது இதுவும் பட்டம்தானே என்று கிளம்பிய சண்டை, 1977-ல் மொரார்ஜி ஆட்சி அவற்றை நிறுத்தி 1980-ல் திரும்பக் கொண்டுவந்த பிறகும் ஓயாமல், 1995-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. விருது செல்லும், ஆனால் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டிக்கொள்ளக்கூடாது. இதெல்லாம் உயிரோடு இருப்பவர்கள் புதிதாக வாங்குவதைப் பற்றியது. 1930களில் பட்டம் பெற்று மறைந்த பாட்டையாவை 'ராவ் சாகிப் இன்னார்' என்று குறிப்பிடுவது பழைய நடப்பைச் சொல்வதுதான், யாரும் வந்து கேட்கப்போவதில்லை. மாப்பிள்ளைக்கோ உங்கள் அப்பச்சிக்கோ (அப்பாவுக்கோ) அதைத் தொடர்ந்து போடாதீர்கள், சன்னதில் 'தனிப்பட்ட' என்று எழுதியிருப்பதே அதற்காகத்தான், அது அவரோடு போயிற்று. எனக்கு இன்னொரு யோசனையும் தோன்றுகிறது, விலாசத்தையும் (குடும்ப முதலெழுத்துகள்) கோயில் பிரிவையும் போட்டாலே நகரத்தாரில் யார் எவர் என்று புரிந்துவிடும், பத்திரிகையில் இடத்தை வேறு எதற்காவது வையுங்கள்.

'டத்தோ' என்று பத்திரிகையில் போடுகிறார்களே என்று கேட்பீர்கள். அது மலேசியா. அங்கே மாமன்னரும் மாநில சுல்தான்களும் இன்றைக்கும் பட்டம் கொடுக்கிறார்கள், துன், தான் ஸ்ரீ, டத்தோ என்று வரிசை. அங்கே அமைச்சராக இருந்த தமிழர் சம்பந்தன் 'துன்' ஆனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மலேசியக் குடிமகனான சொந்தக்காரர் போட்டுக்கொள்வதில் தப்பே இல்லை. நம் நாட்டுக் குடிமகனுக்கு பிரிட்டன் கொடுத்தால் கௌரவ விருதாகத்தான் கொடுக்கும், 'சர்' வராது. ரத்தன் டாடா 2009-லும் 2014-லும் அங்கே உயர்ந்த வகுப்புகளையே பெற்றார், கடைசி வரை சர் ரத்தன் என்று யாரும் சொல்லவில்லை.

விற்பது உங்கள் இஷ்டம், நான் வேண்டாம் என்பேன். ராவ் சாகிப் பதக்கங்கள் அபூர்வமானவை அல்ல, ஆயிரக்கணக்கில் கொடுத்தார்கள். பதக்கமும் அதே பெயருக்கான சன்னதும் சேர்ந்திருப்பதுதான் உங்களுடையதன் மதிப்பு, பங்கு பிரிக்கிறோம் என்று ஒன்றை அண்ணன் வீட்டுக்கும் மற்றதைத் தம்பி வீட்டுக்கும் அனுப்பிவிட்டால் இரண்டுமே அநாதை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்தால் தெரியும், சொந்தக்காரர் பெயர் அறியாத படங்களும் சாமான்களும் எவ்வளவு கிடக்கின்றன என்று. சட்டமும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதான பொருள்களும், வரலாற்று மதிப்புள்ள எழுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட கையெழுத்துப் படிகளும் ஆவணங்களும் தொல்பொருள் கணக்கில் வரலாம், அப்படி வந்தால் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. விடுதியில் தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர் டாலரில் விலை சொன்னால் தலையை ஆட்டிவிடாதீர்கள்.

வைத்துக்கொள்வதானால், புளி போட்டோ பீதாம்பரி போட்டோ தேய்க்க வேண்டாம், வீட்டில் ஆச்சிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வெள்ளி கறுத்தால் கை சும்மா இருக்காது. நாடாவை மாற்றாதீர்கள். சன்னதை லேமினேட் செய்யவே கூடாது, அமிலமில்லாத காகிதத்தில் வைத்துத் தட்டையாக வையுங்கள். பாட்டையா எதற்காகப் பட்டம் பெற்றார் என்று தேட வேண்டுமானால் லண்டன் கெஜட்டில் இருக்காது, இந்திய அரசு கெஜட்டைப் பார்க்க வேண்டும். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்களின் சேகரிப்பில் பிறந்த சென்னை நூலகத்திலும் அந்தக் காலத்துப் பத்திரிகைகளைக் கேட்டுப் பாருங்கள், சன்னதில் உள்ள தேதிக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் புரட்டினால் போதும்.

பெரியவரின் தாத்தா ஊருக்குத் திரும்பி வந்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. வராமல் போயிருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரும் படைப்பிரிவும் போட்டுத் தேடலாம், காசு கிடையாது. இரண்டாம் போரில் பர்மாவில் காணாமல் போனவர்களாக இருந்தால் ரங்கூன் நினைவிடத்தில் சுமார் 27,000 பெயர்கள் வெட்டியிருக்கிறார்கள், அதுவும் அங்கேயே கிடைக்கும். அவர்கள் சொந்த ஊரிலும் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், இந்த ஊரிலிருந்து பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டிய சின்னப் பலகைக்கல்லை அப்போது பல கிராமங்களில் சர்க்கார் வைத்தது, பழைய சாவடிச் சுவரிலோ பள்ளிக்கூடத்துச் சுவரிலோ சுண்ணாம்புக்கு அடியில் இருக்கலாம். விளிம்பில் உள்ள எழுத்தைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்பினால் படைப்பிரிவை நான் சொல்கிறேன்.